பற்றுறவுக் கோட்பாடும் தன்கதை கூறும் நெறியும்

ஜான் பௌல்பி என்னும் ஆங்கில உளமருத்துவர் தம் சொற்பொழிவுகள் சிலவற்றைத் தொகுத்து 1988ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார். 'காப்புத்தளம்' எனத் தமிழில் வழங்கத்தக்க பெயருடைய அந்நூலின் முன்னுரையில் அவர் ஒரு குறையைச் சுட்டுகின்றார். மனம் நலிந்தோரைக் குணப்படுத்துதற்கென மருத்துவர் ஒருவரால் வகுக்கப்பெற்ற கோட்பாடு, குழந்தை வளர்ச்சியை ஆராய்வோர் கையிலேயே பெரிதும் பயன்பட்டு வந்தது என்பதே அக்குறை. அதன்பின் நிலைமை மாறியது. வளர்ந்தோர்க்குச் செய்யப்படும் உரையாடல்வழி உளமருத்துவத்தில் பற்றுறவுக் கோட்பாடு இன்று பெரிதும் பேசப்படுகின்றது. எனினும், அது எவ்வகையிற் பயன்படுகின்றது, எங்கே அளவு கடக்கின்றது என்னும் வினாக்கள் இன்னும் தெளிவாக விடுக்கப்பட்டில.

தமிழ்த்துறை இதழொன்றில் இப்பொருளை ஆராய்தற்குக் காரணம் உண்டு. குழந்தையின் பற்றுறவை அதன் செயலால் அறிவர். வளர்ந்தோர் பற்றுறவையோ அவர்தம் சொல்லால் அறிவர். ஒருவர் தம் இளமையைப் பற்றிக் கூறும் கூற்றே ஈண்டுச் சான்றாகின்றது. ஆகவே இக்கோட்பாட்டின் வலிமையும் மெலிவும் ஒரு பனுவலை எங்ஙனம் படிப்பது என்னும் வினாவோடு பிணைந்துள்ளன. அவ்வினா நமக்குப் புதியதன்று.

முதற்கண் சொல்லாட்சி பற்றிச் சிறிது கூறவேண்டும். 'பற்று' என்று மட்டும் சொன்னால், துறவறம் கூறும் நூல்களிற் பயின்று விடத்தக்கது என்னும் குறிப்பை ஏற்றுக்கொண்ட அச்சொல் பொருளை மயக்கும். 'சார்பு' என்பது பௌல்பியே வெளிப்படையாக மறுத்த கருத்தைத் தருவதாகும். பிறரை நாடுதல் வளர்ந்தபின் நீங்கவேண்டிய குழந்தைமை என்பதை அவர் ஒப்பவில்லை. தொட்டில் முதல் இறுதி வரை அது மாந்தர் இயல்பே என்பது அவர் துணிபு. 'பிணைப்பு' இருபாலும் ஒத்த கட்டினைக் குறிப்பது; இடர் நேர்ந்தபோது தன்னினும் வலியார் ஒருவரை நாடிச் செல்லும் நாட்டத்தைக் குறிப்பதன்று. இவை கருதிப் 'பற்றுறவு' என்னும் சொல்லை இக்கட்டுரையில் ஆள்கின்றேன். 'காப்புத்தளம்' என்னும் கருத்து டொரான்டோ நகரத்து உளநூலார் பிளாட்ஸ் என்பாரிடமிருந்து அவர் மாணவியார் மேரி எய்ன்ஸ்வர்த் வழியாகப் பௌல்பிக்கு வந்தது. அதனைப் 'பற்றுக்கோடு' என்றாலென்ன எனச் சிலர் கேட்கலாம். கொடி தான் பற்றிய கோலை விட்டு நீங்குவதில்லை. பௌல்பி கூறும் தளமோ விட்டு நீங்கிச் செல்லுதற்கென்றே உள்ளது. படையொன்று புறப்பட்டுச் சென்று, இடர்ப்பட்டவிடத்து மீளுதற்குரிய பாசறைத் தளத்தையே அவர் உவமையாகக் காட்டுகின்றார்.

பௌல்பியின் கருத்து எதனை மறுத்து எழுந்தது என அறிதல் வேண்டும். 1938ஆம் ஆண்டளவில் அவர் இலண்டனில் மெலனி கிளைன் அம்மையாரின் மேற்பார்வையில் மூன்று வயதுச் சிறுவன் ஒருவனுக்கு உளப்பகுப்பாய்வு செய்துவந்தார். சிறுவனை அழைத்துவந்த தாய் பெரிதும் கலங்கிய நிலையில் இருந்ததை அவர் கண்டார். ஆயினும் தாயோடு உரையாடுதலை அம்மையார் தடுத்துவிட்டார். சிறுவனின் உள்ளத்துக் கற்பனைகளே ஆராய்ச்சிக்கு உரியன. அவன் தாயின் உண்மை நிலை அன்று என்பது அப்பள்ளியின் கொள்கை. சில திங்களில் அத்தாய் மனநோய் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டாள். நிகழ்ந்தது எதுவோ அதுவே முதன்மையானது என்னும் பௌல்பியின் பிடிவாதம் இத்தகைய பட்டறிவால் உரம்பெற்றது. களவு செய்த இளையோர் 44 பேரைப் பற்றி 1944இல் அவர் வெளியிட்ட கட்டுரையும், உலக நலவாழ்வு நிறுவனத்திற்காக 1951இல் எழுதிய அறிக்கையும், 1969, 1973, 1980 ஆகிய ஆண்டுகளில் வந்த முப்பெருந் தொகுதியும் இந்நிலைப்பாட்டிலிருந்து வழுவவில்லை.

வளர்ந்தோர் உளமருத்துவத்தைப் பொறுத்தவரை அவர் எழுதியவற்றுள் யான் உயர்வாக மதிப்பது, 1979இல் முதலில் வெளிவந்து மேற்கூறிய நூலில் ஆறாம் சொற்பொழிவாக அமைந்த கட்டுரையே. அறியக்கூடாததை அறிதலும் உணரக்கூடாததை உணர்தலும் அதன் பொருள். பெற்றோருள் ஒருவரைத் தற்கொலையால் இழந்த 45 குழந்தைகளைப் பற்றிக் கெய்ன், ஃபாஸ்ட் என்னும் இருவர் செய்த ஆய்வை அவர் அங்கே எடுத்தாள்கின்றார். அக்குழந்தைகளுள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினர் அச்சாவின் ஒரு கூற்றையேனும் நேரிற் கண்டவர்கள். ஆயினும் உயிரோடிருந்த மற்றைப் பெற்றோர், அவர்கள் கண்டது மெய்யன்று எனச் சாதித்தனர். தந்தை துப்பாக்கியால் தம்மைச் சுட்டுக்கொண்டதைக் கண்ட சிறுவனிடம், அவர் மாரடைப்பால் இறந்தார் என்று சொல்லப்பட்டது. தூக்கில் தொங்கிய தந்தையின் உடலைக் கண்ட சிறுமியிடம், அவர் கார் விபத்தில் மாண்டார் என்று சொல்லப்பட்டது. குழந்தை வற்புறுத்திக் கேட்டால், நீ ஏதோ படத்திற் கண்டதை எண்ணிக் குழம்புகின்றாய் என்று ஏளனமும் செய்யப்பட்டது.

இங்கே இரண்டு கதைகள் உள்ளன. ஒன்று கண்ட கதை; மற்றொன்று சொல்லப்பட்ட கதை. இரண்டாவது கதை முன்பின் முரணற்றது, நாகரிகமானது, வீட்டார் அனைவராலும் ஏற்கப்பட்டது. கண்ட கதைக்கோ சொற்களே இல்லை. அக்குழந்தை வளர்ந்து ஒரு மருத்துவர்முன் அமரும்போது எக்கதையைச் சொல்லும்? பிறர் தந்ததையே சொல்லும் என்பதும், தன் கண்ணையும் காதையும் நம்பலாகாது என்னும் ஐயம் அதன் வாழ்வெல்லாம் தொடரும் என்பதும் பௌல்பியின் விடை. அவர் கருத்துப்படி, கண்டதைக் கண்டதாக அறிந்துகொள்ள நோயாளிக்கு இசைவு அளிப்பவரே மருத்துவர். இளமை நிகழ்ச்சிகளை மருத்துவர் தாமே கட்டி உரைத்தலும், நோயாளி கூறுவதை நம்ப மறுத்தலும் ஒருங்கே தவறென அவர் எச்சரிப்பது இதனாலேயே.

இனி, இக்கோட்பாடு வளர்ந்தோரிடம் வேறொரு வழியாகவும் வந்து சேர்ந்தது. எய்ன்ஸ்வர்த் அம்மையார் 1954, 1955ஆம் ஆண்டுகளில் உகாண்டாவிலும், பின்னர் அமெரிக்க நாட்டுப் பால்டிமோரிலும் தாய்சேய் உறவை நேரில் நோக்கி, தாயைச் சிறிது பிரித்து மீட்டும் சேர்க்கும் ஆய்வுமுறையொன்றை அமைத்தார். அவர் மாணவியார் மேரி மெய்ன் கலிபோர்னியாவின் பெர்க்லியில் அடுத்த படியினை எடுத்து வைத்தார். குழந்தைகளை ஓராண்டுப் பருவத்தில் ஆராய்ந்து, அவர்கள் ஆறு வயது எய்தியபின் பெற்றோரைத் தனித்தனியே அழைத்து, அவர்தம் இளமையைப் பற்றிக் கேட்டு, விடைகளைச் சொல்லுக்குச் சொல் எழுத்திற் பெயர்த்தனர் அவரும் உடனுழைத்தோரும். 1980க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் உருவான இந்நேர்முக உரையாடலிற் சற்றொப்ப இருபது வினாக்கள் உள. அவற்றுள் ஒன்று மிக எளியது: தாயோடு இருந்த உறவைக் குறிக்க ஐந்து அடைமொழிகளைச் சொல்லுக; பின்னர் ஒவ்வோர் அடைமொழிக்கும் ஒரு நிகழ்ச்சியைச் சான்றாகக் காட்டுக. தந்தையைப் பற்றியும் அவ்வாறே.

இவ்வினா எளிமையிற் பெருநுட்பம் உடையது. அடைமொழி பொதுமையினின்று வருவது; நிகழ்ச்சி நினைவினின்று வருவது. இரண்டும் ஒன்றையொன்று தாங்குகின்றனவா என்பதே சோதனை. எடுத்துக்காட்டாக ஒருவர், "அம்மா மிக அன்பானவர்" என்கின்றார் எனக் கொள்வோம். நிகழ்ச்சி யாதெனக் கேட்டால், "அன்பானவர் என்றால் அன்பானவர்தான், தனியாக எதுவும் நினைவில்லை" என்கின்றார். மேலும் கேட்கவே, கைமுறிந்த நாளில் அதனை அம்மாவிடம் சொல்ல அஞ்சி இரவெல்லாம் மறைத்து வைத்திருந்ததாகப் போகிற போக்கிற் சொல்கின்றார். அவர் தம் அடைமொழியைத் தாமே மறுத்துவிட்டார்; மறுத்தது அவருக்குத் தெரியாது. இவ்வகையினரை 'ஒதுக்குவோர்' எனலாம். வேறொருவர் தாயைப் பற்றி முடிவின்றிப் பேசுகின்றார். பழைய சினம் இன்று நிகழ்வதுபோற் பொங்குகின்றது. வாக்கியங்கள் முற்றுப்பெறாது ஒன்றில் ஒன்று நுழைகின்றன. இவர் 'உழல்வோர்' வகையினர். மூன்றாமவர் நல்லதோ தீயதோ நிகழ்ந்ததை அளவாக, சான்றோடு, கேட்பவர் மனங்கொள்ளக் கூறுகின்றார். இவர் 'நிலைகொண்டோர்'. இழப்பையோ கொடுமையையோ பற்றிப் பேசும்பொழுது மட்டும் அறிவின் கண்காணிப்பு ஒரு நொடி தளர்ந்து, இறந்தவர் மெய்யாகவே உயிரோடிருப்பது போன்ற கூற்று வெளிப்படுவோரை 'ஆறாதோர்' என்று தனியே குறிப்பர்.

எழுத்துப்படிகளை இவ்வாறு வகைப்படுத்தியபோது, அவை ஐந்தாண்டுகட்கு முன் குழந்தைகள் நடந்துகொண்ட முறையோடு பொருந்தின. இலண்டனில் ஃபோனகியும் ஸ்டீல் இணையரும் 1991இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பானது. முதற்குழந்தையைக் கருவுற்றிருந்த தாய்மாரிடமே இவ்வுரையாடல் நிகழ்த்தப்பட்டது. பின்னர்ப் பிறந்த குழந்தை ஓராண்டிற் பாதுகாப்புணர்வு உடையதா அன்றா என்பதை, நூற்றுக்கு 75 அளவில், தாயின் கூற்றுமுறை முன்னரே காட்டிற்று. பின்வந்த ஆய்வுகள் இத்தொடர்பின் வலிமையைக் குறைத்துள்ளன. 95 ஆய்வுத் தொகுதிகளைத் திரட்டி 2016இல் வெளியிடப்பட்ட மதிப்பீட்டில் தொடர்பு உண்டு எனினும் முன்பு கருதிய அளவினதன்று என்றே தெரிகின்றது.

மெய்ன் அம்மையார் கூற்றுமுறையை மதிப்பிட மேற்கொண்ட அளவுகோல், அதே பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் கற்பித்த கிரைஸ் என்பார் 1975இல் வெளியிட்ட உரையாடல் நெறிகளாகும். சான்றுள்ளதையே சொல்லுக; வேண்டும் அளவே சொல்லுக; பொருளோடு பொருந்தச் சொல்லுக; தெளிவாகச் சொல்லுக என அவை நான்கு. தமிழ் மாணவர் இவற்றைக் கண்டவுடன் நன்னூற் பாயிரத்திற் படித்த குன்றக் கூறலையும் மிகைபடக் கூறலையும் நினைவுகூர்வர். நினைவுகூர்தல் நன்று, இரண்டையும் ஒன்றெனச் சாதித்தல் வேண்டா. பவணந்தியார் கூறுவது நூல் செய்வான் நீக்கவேண்டிய குற்றங்கள். அவை எழுதுமுன் அறிந்து விலக்கப்படுவன. இங்கே பேசுபவர் நூல் செய்யவில்லை. அவர் அறியாது இழைக்கும் குற்றமே ஆய்வாளர்க்குச் செய்தி. குற்றம் நீங்கிய எழுத்துப்படியினும் குற்றமுள்ள எழுத்துப்படியே சில வேளைகளில் மிகுதியாகப் பேசும்.

உண்மையான ஒப்புமை வேறிடத்தில் உள்ளது என்பது என் கருத்து. அஃது வழுவும் வழுவமைதியும் பற்றிய நம் இலக்கணக் கொள்கை. காலம் மயங்கி வருவது வழு. ஆயினும் விரைவு, மிகுதி, தெளிவு முதலிய காரணம்பற்றி வருமாயின் இலக்கணிகள் அதனை அமைத்துக்கொள்வர். கிரைசின் நெறியைப் பின்பற்றுவோரும் இத்தகைய அமைதி ஒன்றை ஏற்கின்றனர். "இது சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு ஒருவர் நீளப் பேசினால் அளவு கடந்த குற்றம் அவர்க்கு இல்லை. ஏனெனில் கேட்பவர் ஒருவர் இருக்கின்றார் என்பதை அவர் மறக்கவில்லை. குற்றமாவது நீளமன்று, கேட்போரை இழத்தலே.

தமிழில் இவ்வாய்வை நடத்த முற்படுவோர்க்கு இங்கே ஒரு கடமை உண்டு. "போன வாரம் வருகிறான், என்னைப் பார்க்கிறான், ஒன்றும் பேசாமல் போகிறான்" என இறந்த காலச் செய்தியை நிகழ்காலத்தாற் கூறுதல் நம் பேச்சுவழக்கில் இயல்பு. ஆங்கில உரையாடல்களைக் கொண்டு வகுத்த குறிகளை அப்படியே ஏற்றி, இக்கூற்றினைப் பழஞ்சினம் ஆறாதவர் கூற்றெனத் துணிதல் பெரும்பிழையாகும். பிறர் சொல்லைத் தம் வாயாற் கூறும்போது 'என்று' என்பது எப்பொழுது விடுபடுகின்றது, எப்பொழுது விடுபடுதல் இயல்பு, எப்பொழுது அது பேசுபவரின் குரல் பெற்றோர் குரலில் அமிழ்ந்ததைக் காட்டுகின்றது என்பதை மருத்துவர் தனித்து அறிய இயலாது. மொழியியலார் துணை அவர்க்கு வேண்டும்.

இவ்வாராய்ச்சி உளமருத்துவத்திற்குத் தந்த பயனை ஜெரமி ஹோம்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் தெளிவாக எடுத்துரைத்துள்ளார். 2001இல் வெளிவந்த அவர் நூலிற் கதையாக்கல், கதையுடைத்தல் என்னும் இருதொழில்கள் கூறப்படுகின்றன. உழல்வோரிடம் சிதறிக் கிடப்பவற்றைக் கோத்து ஒரு கதையாக்குதற்கு மருத்துவர் துணை நிற்கவேண்டும். ஒதுக்குவோரிடமோ, வழவழப்பாகத் தேய்ந்து இறுகிய கதையை உடைக்கத் துணை நிற்கவேண்டும். இது நடைமுறைக்கு ஏற்ற பகுப்பு. எல்லா நோயாளியிடமும் ஒரே வகையாக அமைதி காத்தலும், ஒரே வகையாகப் பொருள் விரித்தலும் பயனற்றன என்பதை இது காட்டிவிடுகின்றது. 'அம்மா மிக அன்பானவர்' என்பாரிடம் மருத்துவர் மேலும் ஓர் உயர்ந்த விளக்கத்தை வழங்கினால், அவர் அதனையும் ஓர் அடைமொழியாக ஏற்று வைத்துக்கொள்வார். அவரிடம் கேட்கவேண்டியது கைமுறிந்த அந்த இரவைப் பற்றி.

இனிக் குறை கூறவேண்டிய இடத்திற்கு வருவோம். கூற்றின் முறையைக் கொண்டு கூறுவோரின் மனநிலையை அறியலாம் என்பது ஒன்று. நிகழ்ந்தது இன்னது என அறியலாம் என்பது மற்றொன்று. மெய்ன் முதல்வகைக் கருத்தையே கொண்டவர். பின்வந்தோர் பலர் இவ்வேறுபாட்டை மறந்தனர். சிறப்பாக, இளமையிற் கொடுமையுற்றும் பிற்காலத்தில் அதனை இயைபுறக் கூறவல்லாரை 'ஈட்டிப் பெற்ற நிலைபேறு' உடையோர் என அழைத்து, துன்பத்தைக் கதையாக்கித் துன்பத்தினின்று விடுபடலாம் என்பதற்கு அவரைச் சான்றாக்கினர். கேட்க இனிய செய்திதான். ஆனால் ரோய்ஸ்மன் முதலியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதனைக் கடுமையாகச் சோதித்தது. மின்னசோட்டாவில் குழந்தைப் பருவம் முதல் பின்தொடர்ந்து நோக்கப்பெற்றோர் அதன் ஆய்வுப் பொருளாவர். ஆகவே அவர் இளமை பற்றி நேரிற் கண்ட பதிவுகள் இருந்தன. தம் இளமை துன்பமானது என இயைபுறக் கூறியோர், பதிவுகளின்படி, கொடிய வளர்ப்புப் பெற்றவரல்லர். தாயின் நல்ல ஆதரவைப் பெற்றோர் வரிசையிலேயே அவர் இருந்தனர். கூறுங்காலத்து உற்ற மனச்சோர்வு அவர்தம் நினைவுக்கு இருள்நிறம் பூசியிருக்கக்கூடும். அதே ஆய்வில், குழந்தைப் பருவத்திற் பாதுகாப்புணர்வற்றோர் எனப் பதிவாகிப் பின்னர் இயைபுறப் பேசும் நிலையை எய்தியோரும் இருந்தனர்; அவர்தம் இல்லுறவும் நன்றாகவே இருந்தது. ஆகவே மாற்றம் நிகழாதென்பதற்கில்லை. நோயாளியின் வாய்மொழி ஒன்றையே கொண்டு அம்மாற்றம் எதனினின்று எதற்கு நிகழ்ந்தது எனத் துணிய இயலாதென்பதே இதனாற் பெறப்படுவது.

இதனினும் இழிந்த பிழை, மாந்தரை வகைப்பெயரால் அழைத்து நிறுத்துதல். 1987இல் ஹேசன், ஷேவர் என்னும் இருவர் அமெரிக்க நாளிதழ் ஒன்றில் மூன்று சிறு பத்திகளை அச்சிட்டு, தம் காதலுறவுக்கு எது பொருந்தும் எனப் படிப்போரையே தேர்ந்தெடுக்கச் செய்தனர். ஆராய்ச்சிக்கு அது நல்ல தொடக்கமே. ஆனால் தம்மைப் பற்றித் தாமே தேர்வதும், தாம் அறியாது தம் கூற்றில் வெளிப்படுவதும் வேறு வேறு. இருமுறைகளும் தரும் முடிவுகள் மிகச் சிறிதளவே ஒன்றுபடுகின்றன எனப் பின்னர்த் தெளிவாயிற்று. அங்ஙனமிருந்தும் இரண்டிற்கும் ஒரே பெயரை வழங்கி, 'நான் ஒதுக்குவோர் வகை' என நோயாளி தாமே கூறிக்கொண்டு வரும் நிலை ஏற்பட்டுள்ளது. அவ்வகைப்பெயரும் ஓர் அடைமொழியே. அதற்கும் ஒரு நிகழ்ச்சியைச் சான்றாகக் கேட்பவரே நல்ல மருத்துவர்.

பௌல்பியையும் மெய்னையும் ஒருங்கு வைத்து நோக்கினால் இருவரிடையே ஒரு முரண் உள்ளது. முன்னவர்க்கு நிகழ்ந்தது முதன்மை. பின்னவர்க்குக் கூறுமுறை முதன்மை. உளமருத்துவ நூல்கள் பல இம்முரணை மூடிவிட்டு, கூறுமுறை இயைபுற்றால் நோய் நீங்கிற்று என்பதுபோல் எழுதுகின்றன. தந்தை மாரடைப்பால் இறந்தார் என்று சொல்லப்பட்ட அச்சிறுவனை நினைத்தால் இதன் போதாமை விளங்கும். அவனுக்குக் கொடுக்கப்பட்ட கதை இயைபு உடையதே. மருத்துவர் அதனினும் இயைபுடைய வேறொரு கதையைக் கொடுத்தால் அவன் மூன்றாமொரு கதையைப் பெறுவான். கண்டதைச் சொல்லும் உரிமையைப் பெறமாட்டான்.

மருத்துவத்தின் விளைவு பற்றிய சான்றும் இவ்வாறே எச்சரிக்கையை வேண்டுவது. லீவி முதலியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், உறவிலும் உணர்ச்சியிலும் நிலையின்மை மிக்க 90 நோயாளிகள் மூவகை மருத்துவங்களுக்குப் பகுத்து விடப்பட்டனர். நோயாளிக்கும் மருத்துவர்க்கும் இடையே எழும் உறவினையே ஆராய்ந்து பேசும் மருத்துவத்தில் மட்டும், ஓராண்டிற்குப் பின், தன்கதை கூறும் இயைபு வளர்ந்தது. ஆனால் மனச்சோர்வு, அச்சம் முதலியன மூவகையிலுமே குறைந்தன என்பதை அவ்வாய்வுக் குழுவினரே அடுத்த ஆண்டிற் காட்டினர். இயைபு வளர்தலும் துயர் குறைதலும் ஒன்றேயாயின் இவ்வேறுபாடு தோன்றாது.

காப்புத்தளமாதல் என்பது கூற்றை ஆராய்தலோடு முடிவதுமன்று. குறித்த நாளில் குறித்த வேளையில் மருத்துவர் அங்கே இருத்தல், விடுமுறைக்குச் செல்லுமுன் அதனைச் சொல்லிச் செல்லுதல், அப்பிரிவு நோயாளியிடம் எழுப்பிய சினத்தைத் தண்டியாது கேட்டல், மருத்துவம் முடியும் நாளை முன்னரே பேசுதல் ஆகியன சிறு செயல்களே. எனினும் இளமையிற் பிரிவால் நலிந்தார்க்கு இவை பொருள் விளக்கத்தினும் பெரியன. பனுவலைப் படிக்கும் நாம் ஏட்டை மூடிவைத்துப் பத்தாண்டு கழித்துத் திறந்தாலும் அது பிணங்குவதில்லை. மருத்துவர்முன் உள்ள பனுவலோ அவர் ஒரு வாரம் வாராதொழிந்தால் மாறிவிடும்.

லீவி முதலியோர் ஆய்வில் மாறாது நின்ற கூறு ஒன்றுண்டு. இழப்பையும் கொடுமையையும் பற்றிப் பேசும்போது தளரும் 'ஆறாதோர்' நிலை எவ்வகை மருத்துவத்தாலும் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஓராண்டு அதற்குப் போதாமல் இருக்கலாம். குறியீடே திருத்தம் வேண்டுவதாகவும் இருக்கலாம். பௌல்பி தம் மூன்றாம் தொகுதியில், இறந்தவர் அருகில் இருப்பதாக உணர்தல் நலமுற்ற துயரத்திலும் இயல்பே என்கின்றார். பெர்க்லி முறையோ அவர் இறக்கவில்லை என்பதுபோல் நழுவும் கூற்றையே குறியாகக் கொள்கின்றது. "அப்பா இதை விரும்பமாட்டார்" என்று நிகழ்காலத் தொனியில் ஒருவர் சொல்லும்போது அஃது இவ்விரண்டனுள் எதுவென்பதை எழுத்துப்படி தனித்து நின்று காட்டாது. அடுத்து அவர் என்ன சொன்னார், கேட்டவர் என்ன வினவினார், இடையில் எவ்வளவு நேரம் பேச்சு நின்றது என்பனவற்றையும் சேர்த்தே அங்குப் பொருள் கொள்ளவேண்டியுள்ளது.